பானெட்டுக்கு முன்னால்

தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொடுத்த சீருடைகளிலேயே சின்னதும் அவளுக்குக் கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டியது. பேண்ட்டை நான்கு மடிப்பு மடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றவளைப் பார்த்து யாரோ சொன்ன பெயர், பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டது. அவளும் அதற்கு முகம் சுளித்ததில்லை. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

அவளுடைய வேலை ஓட்டுவது. முழுதாகத் தயாராகி வெளியே வரும் ஒவ்வொரு காரையும் சோதனைத் தடத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். கல் பதித்த பாதை, மேடு, தண்ணீர் தேங்கிய பள்ளம், நேர்ப்பாதை என்று எல்லாவற்றிலும் போய்வந்து, கதவு எங்கே கிறீச்சிடுகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது, பிரேக் எவ்வளவு அழுத்தினால் பிடிக்கிறது என்று தாளில் குறிக்க வேண்டும். தாழ்வாக இருக்கும் செடான் கார் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இருக்கையை முன்னால் இழுத்துவிட்டு உட்கார்ந்தால், முன்னால் ஓடுகிற அணில்கூடக் கண்ணுக்குத் தப்பாது.

பக்கத்து வரிசையில் ஓட்டியவள் கொடிக்கம்பம். பெயரே சொல்லிவிடும், ஆள் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. இருவரும் சேர்ந்து நடந்தால் வாசல் காவலாளி, "அம்மாவும் பொண்ணும் வந்துட்டாங்க" என்று தினமும் அதே நகைச்சுவையைச் சொல்வார். இருவரும் தினமும் அதற்குச் சிரிப்பார்கள். கொடிக்கம்பத்துக்குக் கணவர் இல்லை, ஒரே மகள். பட்டாணிக்குக் கல்யாணமே அமையவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே வயது நாற்பதைத் தாண்டியது, பிறகு அப்பாவும் போய்விட்டார். தம்பி கடல் தாண்டி இருக்கிறான். நல்ல நாள் பெரிய நாளில் போன் செய்வான். மற்றபடி, மனதில் இருப்பதைக் கொட்ட அவளுக்கு இருந்த ஒரே ஆள் கொடிக்கம்பம்தான். நிறுவனப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பொது மேலாளர் எல்லாரையும் கிடங்கில் கூட்டி வைத்துப் பேசினார். இப்போது வாங்க வருகிறவர்கள் உயரமான வண்டிதான் கேட்கிறார்கள், காரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அதனால் இனி இங்கே கார் கிடையாது, எஸ்.யூ.வி.யும் பிக்கப் ட்ரக்கும் மட்டும்தான் என்றார். புதிய இயந்திரங்கள் பொருத்த ஐந்து மாதம் மூடப்படும். அதற்குப் பிறகு கால்வாசிப் பேருக்குத்தான் இங்கே இடம். மீதிப் பேர் தூரத்தில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்குப் போகலாம், அல்லது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம்.

"நான் விலகிக்கிறேன்டி. பொண்ணுக்குப் பேறுகாலம் வருது. அவகூடப் போய் இருந்துடலாம்னு பாக்குறேன்" என்றாள் கொடிக்கம்பம், திரும்பும்போது பேருந்தில்.

"போ. போய் நல்லா இரு" என்றாள் பட்டாணி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடிக்கம்பம் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்திருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து வாசல் திறந்தபோது, நாற்பத்தாறு பேர் வந்த பேருந்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அடுத்த மாதம் பேருந்தை நிறுத்திவிட்டு வேன் விட்டார்கள். வேனில் வந்தவர்கள் பெரும்பாலும் அவளுக்குப் புதியவர்கள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். வாசல் காவலாளியும் மாறிவிட்டார். புதியவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

புது வண்டிகள் தடத்துக்கு வந்து நின்றபோது பட்டாணி அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜினை மூடும் பானெட் அவள் நெஞ்சுக்கு மேலே இருந்தது. பக்கவாட்டுப் படியில் கால் வைத்து, உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். ஏறி உட்கார்ந்தால் வானம் நன்றாகத் தெரிந்தது, தரை தெரியவில்லை. இருக்கையை முடிந்தவரை உயர்த்தி, அதன் மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தைத் திண்டை வைத்தாள். இப்போது பார்வை கொஞ்சம் சரியானது, ஆனால் பிரேக்கை எட்டக் கால் நுனியை நீட்ட வேண்டியிருந்தது. மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்துவைத்தாள். கொடிக்கம்பம் இருந்திருந்தால் இந்தத் திண்டை வைத்தே ஒரு வாரத்துக்குச் சிரிப்பு ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், காலை முதல் வண்டி. தாளில் எண்ணைக் குறித்தாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், முன்னால் பார்த்தாள். ஆள் இல்லை, தடம் காலி. வண்டியைக் கிளப்பி கை பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கும். இன்ஜின் சத்தத்துக்கு அடியில், தகரம் சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. பத்தொன்பது வருடமாகச் சத்தத்தைக் கேட்டே சம்பாதித்த காது. யோசிப்பதற்கு முன்பே கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை மெல்ல எழுந்தது. துப்புரவு செய்யும் அக்கா. தரையில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைக் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது.

"ஏம்மா, என்னைப் பாக்கலியா நீ?"

"பாக்கலக்கா. தெரியவே இல்லக்கா."

"நீ மேல உக்காந்து தாளுல எழுதும்போது இந்தப் பக்கம்தானே முகம் இருந்துச்சு! நான் உன் முகத்தைப் பாத்துட்டு, சரி பாத்துட்டாங்கன்னு குனிஞ்சேன்."

பட்டாணி இறங்கினாள்.  அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அக்காதான் இவளைத் தேற்றினாள். "விடு, ஒண்ணும் ஆகலல்ல. வாளிதானே போச்சு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்தத் தலை எழுந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு, அப்படியே மூடி வைத்தாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது. கொடிக்கம்பத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"சொல்லுடி... இரு, இரு, அந்தத் துணியை எடு... என்னடி, ஏதாவது அவசரமா?"

"இல்ல, சும்மாதான்."

"அப்ப அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் பதினைந்து நாள் கழித்து வந்தது. அதற்குள் சொல்ல வேண்டிய சூடு ஆறிப்போயிருந்தது.

வாளி கவிழ்ந்த மறுநாளிலிருந்தே பட்டாணி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு முழுச் சுற்று நடந்து, முன்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். இதில் வண்டிக்கு ஒரு நிமிடம் போனது. ஒரு ஷிப்டுக்கு இருபத்தெட்டு வண்டி ஓட்ட வேண்டிய இடத்தில் அவள் கணக்கு இருபத்தாறில் நின்றது. மேற்பார்வையாளர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எண்களை விட்டால் வேறு எதுவும் அவர் கண்ணில் படாது.

"என்னம்மா, கோயிலைச் சுத்துற மாதிரி ஒவ்வொரு வண்டியா சுத்துறீங்களாமே?"

"முன்னாடி ஆள் இருந்தா தெரியல சார்."

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுதே."

"அவங்களுக்கும் தெரியாது சார். தெரியலைன்னு அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அவர் பேனாவை மூடினார். "எழுதிக் குடுங்க. பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புறேன்" என்றார். எழுதச் சொன்னால் ஆள் ஓய்ந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். பட்டாணி அன்று மதிய இடைவேளையிலேயே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நான்கு நாளில் பாதுகாப்புப் பொறியாளர் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அலட்சியமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், சாலையில் வைக்கும் முழங்கால் உயரக் கூம்புகள் ஒரு கட்டும் அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க ஏறி உக்காருங்க. கூம்போட நுனி எப்ப தெரியுதோ அப்ப ஹாரன் அடிங்க."

ஒரு கூம்பை பம்பரை ஒட்டி வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வண்டியைவிட்டுத் தள்ளி நகர்த்திக்கொண்டே போனார். பட்டாணி எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, கூம்பு தெரியவில்லை. ஒரு வழியாக ஹாரன் அடித்தபோது நாடா பதினான்கு அடி காட்டியது. பிறகு அவரே ஏறி உட்கார்ந்தார். அவர் உயரமானவர். அவருக்கே ஒன்பது அடி வந்தது.

மறுபடி இறங்கி, கையில் இருந்த கூம்புகளை பம்பரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தார். ஒன்பது கூம்புகள். அவளை மேலே ஏற்றிக் கேட்டார்: "எத்தனை தெரியுது?"

"ஒண்ணும் இல்ல சார். வெறும் தரைதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்பது குழந்தைங்க உக்காந்திருக்கலாம்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

அன்று வேனில் திரும்பும்போது பட்டாணிக்கு மனம் லேசாக இருந்தது. தான் சொன்னதை ஒரு மனிதர் அளந்து பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லலாமா என்று திரும்பினாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஆறு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சோதனைத் தட ஓட்டுநர்கள் இனி நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பாதுகாப்புக் காரணம். பட்டாணி நூற்று நாற்பத்தேழு.

தாளைக் கையோடு பிய்த்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

"பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன் சார். ஒரு கீறல் விழுந்ததில்ல."

"இது உங்களுக்காகப் போட்டதில்லம்மா. எல்லாருக்கும் பொதுவா போட்டது."

"எல்லாரும்னா யாரு சார்? அந்த உயரத்துக்குக் கீழ இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்?"

 சம்பளம் குறையாது, சாவி அறையில் இடம் போட்டிருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் வேலை, வெயில் மழை கிடையாது என்றார். சொல்லும்போது கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று உணவுக்கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த மேசைக்குப் பொறியாளர் வந்தார். தட்டை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"நான் எழுதினது வண்டியைப் பத்தி. அவங்க படிச்சது உங்களைப் பத்தி" என்றார். "எல்லா வண்டிக்கும் முன்னாடி கேமரா வைக்கணும், பானெட்டைத் தாழ்த்தணும்னு தெளிவா எழுதினேன். விலை கூடின மாடலுக்கு மட்டும் அடுத்த வருஷம் கேமரா வரும்னு பதில் வந்திருக்கு. பானெட் உயரமா இருந்தாத்தான் வாங்குறவங்களுக்குப் பிடிக்குதாம். மன்னிச்சிடுங்க."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க. நீங்கதான் அளந்தாவது பாத்தீங்க" என்றாள் பட்டாணி. அவர் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்ப்பதற்கு அந்தக் கூடத்தில் அவளுக்கென்று யாரும் இல்லைதான்.

சாவி அறை எட்டுக்குப் பத்து. மூன்று சுவரிலும் ஆணி அடித்துச் சாவிகள். நான்காவது சுவரில் ஒரு ஜன்னல், அதன் வழியாக ஒரு கை நீளும், எண்ணைச் சொல்லும், சாவியை வாங்கிக்கொண்டு போகும். வண்டி தடத்திலிருந்து திரும்பியதும் அதே கை வந்து சாவியை வைத்துவிட்டுப் போகும். நாள் முழுக்க அவள் பார்த்தது கைகளைத்தான். ஒருவருக்கு நகம் கடிக்கிற பழக்கம், ஒருவர் இரண்டு மோதிரம் போட்டிருந்தார். முகம் பார்த்துப் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"சுத்திப் பாத்துட்டு ஏறுங்க" என்று ஒவ்வொரு கைக்கும் சொன்னாள்.

"சரிங்க, சரிங்க" என்றன கைகள். ஜன்னல் வழியே பார்த்தால் நேராகப் போய்க் கதவைத் திறந்து ஏறினார்கள். ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாவது நாள், அறைக் கதவைத் திறந்துகொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்று நடந்தாள், முன்பக்கம் குனிந்து பார்த்தாள், பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். அடுத்த வண்டிக்கும் அதேதான். முணுமுணுத்தார்கள். மேற்பார்வையாளரிடம் புகாரும் போனது. அவர் வந்து ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கணக்கு குறையாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியாக அந்த வேலை, யாரும் கொடுக்காமலே, அவளுடையதானது. துப்புரவு அக்கா மட்டும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வாளியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நான் இங்க இருக்கேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு விடுமுறை நாள் காலை, பட்டாணி துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் பெரிய ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அந்தக் குறுகிய தெருவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடைத்துக்கொண்டு ஒரு எஸ்.யூ.வி. அவர்கள் தொழிற்சாலை வண்டியேதான். கதவு திறந்து கொடிக்கம்பம் இறங்கினாள்.

"மூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்தேன்டி! மாப்பிள்ளை வண்டி. எப்படி இருக்கு? மேல உக்காந்தா ராணி மாதிரி இருக்கு. முன்னாடி போறவன் எல்லாம் பொம்மை மாதிரி தெரியுறான்."

பட்டாணி ஈரக் கையோடே அவளைக் கட்டிக்கொண்டாள். முகம் தோழியின் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது, எப்போதும்போல. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, இருந்ததைச் சமைத்துப் போட்டாள். இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்ல நினைத்தாள். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும், கோர்வையாக வரவில்லை. தாள் ஒட்டினார்கள், சாவி அறையில் போட்டார்கள் என்று வெறும் செய்தியாகத்தான் வந்தது.

"உக்காந்த இடத்துல வேலை, சம்பளமும் குறையல. நல்லதுதானேடி" என்றாள் கொடிக்கம்பம்.

"நல்லதுதான்" என்றாள் பட்டாணி.

வெயில் தாழ்ந்ததும் கொடிக்கம்பம் கிளம்பினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பட்டாணி வழக்கம்போல் வண்டியைச் சுற்றி நடந்தாள்.

"லீவு நாள்லயும் டூட்டியா?" என்று மேலிருந்து சிரித்தாள் கொடிக்கம்பம்.

பட்டாணி முன்பக்கம் வந்தாள். பம்பருக்கு இரண்டடி தள்ளி, தெருவிலேயே குந்தி உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வாயால் சொல்லி வராதது இப்படியாவது வரட்டும் என்றிருந்திருக்கலாம்.

"ஏய், எங்கடி போன?" கொடிக்கம்பத்தின் குரல். "சொல்லாமக் கொள்ளாம உள்ள போயிட்டியா? பட்டாணி!"

பட்டாணி எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு நேரே வண்டியின் எண் பலகை இருந்தது. பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியின் சூடு முகத்தில் அடித்தது. மேலே சாவி திருகும் சத்தம் கேட்டு, பிறகு நின்றது. கதவு திறந்தது. கொடிக்கம்பம் முன்னால் வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. பானெட்டைப் பார்த்தாள், பட்டாணியைப் பார்த்தாள்.

"இங்கேயா இருந்த?"

"இங்கேயேதான் இருந்தேன்."

கொடிக்கம்பம் மடங்காத கால் நீளத்தை எல்லாம் மடக்கிக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பட்டாணி வாளியையும், எழுந்த தலையையும், ஒன்பது கூம்புகளையும் சொன்னாள். இந்த முறை சரியாக வந்தது. கொடிக்கம்பம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னிக்கு இதுக்குத்தான் போன் பண்ணியா?"

"ம்."

"நான் வெச்சுட்டேன்."

"குழந்தை அழுதுச்சு. நீ என்ன பண்ணுவ."

கொடிக்கம்பம் சொன்னாள். "எனக்கும் அங்க பேச ஆள் இல்லடி. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. வந்தா போனைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாங்க. பேத்திகிட்ட பேசிப் பேசி எனக்கே பெரியவங்க பேச்சு மறந்துபோச்சு. அதான் வண்டியைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். ராணி மாதிரி இருக்குன்னு எல்லாம் சும்மா சொன்னேன். முதுகு வலி உயிர் போகுது."

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. கொடிக்கம்பத்துக்கும் வந்தது. பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர், தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கும் இரண்டு பெண்களைப் பார்த்து, "வழி விடுவீங்களா, இல்ல நான் வீட்டுக்கு நாளைக்குப் போகட்டுமா?" என்று கேட்டார். எழுந்துகொண்டார்கள். வண்டி போனது. தெரு மறுபடி அகலமானது. பட்டாணி பாதியில் விட்ட துணியை அலசிக் காயப்போட்டாள்.

பத்து நாள் கழித்துக் கொடிக்கம்பம் போன் செய்தாள். மாப்பிள்ளையிடம் சண்டை போட்டு, கடைக்குக் கொண்டுபோய் வண்டிக்கு முன்னால் கேமரா வைக்கச் செய்துவிட்டாளாம். மாப்பிள்ளை முதலில் சிரித்தாராம். அவரை இழுத்துப்போய் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, இவளே போய் முன்னால் குந்தி உட்கார்ந்தாளாம்.

மறுநாள் பட்டாணி உணவுக்கூடத்தில் பொறியாளரின் மேசைக்குப் போனாள். "சார், ஒரு வண்டிக்கு கேமரா வெச்சாச்சு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. எந்த மாடல் என்று கேட்டுத் தன் சிறிய நோட்டில் குறித்துக்கொண்டார். "ஒண்ணு" என்றார்.

மணி அடித்தது. அவள் சாவி அறைக்குத் திரும்பியபோது, வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் நீளமான லாரிகள் முற்றத்தில் வரிசையாக நின்றன. மதியத்துக்குள் அறுபது வண்டிகளை ஏற்றியாக வேண்டும். ஜன்னலில் ஒரு கை வந்து எண்ணைச் சொன்னது. பட்டாணி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.